நாற்பது இறாத்தல் அமுக்கம்

அத்தானின் ட்ரெயிலருக்குள் போகிற தண்ணீரின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு நாற்பது இறாத்தலைத் தாண்டக்கூடாது. தப்பித்தவறி நாற்பத்தைந்து. அதற்கு மேலே போனால் சுவருக்குள் ஓடுகிற சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாய்கள் தாங்காது. இதை அவருக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் கேட்கிற ஆள் இல்லை. யார் எதைச் சொன்னாலும் சொல்லி முடிய முன்னமே "ஓமோம், தெரியும்" என்று விடுவார். எங்களைவிட ஐந்து வருடம் முந்திக் கனடாவுக்கு வந்தவர் என்ற ஒரே காரணத்தால் உலகத்தில் உள்ள எல்லாமே அவருக்கு எங்களைவிட முந்தித் தெரிந்திருந்தது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு சரக்குக் கிடங்கில் சுப்பவைசர். அவரோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் பென்சன் எடுத்துப் போகும்போது தன்னுடைய பழைய ட்ரெயிலரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். பதினெட்டு அடி நீளம். உள்ளே ஒரு கட்டில், ஒரு செற்றி, அடுப்பு, சிங்க், ஒரு ஆள் உள்ளே போனால் திரும்ப முடியாத குளியலறை. தன் வான் வண்டிக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போய், ஏதாவது ஏரிக்கரை விடுமுறை முகாமில் நிறுத்தி, அங்கேயுள்ள தண்ணீரையும் மின்சாரத்தையும் இணைத்துவிட்டால் அது வீடு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஸ்காபரோவில் எங்கள் சனம் இருக்கிறதற்கு ஒரு வீடு எடுப்பதற்கே முக்கி முனகிக்கொண்டிருந்த நேரத்தில் அத்தான் இரண்டாவது வீட்டைத் தெருவில் இழுத்துக்கொண்டு திரிந்தார். குளிர்காலத்தில் அதை விட்பிக்கு அப்பால் ஒரு தோட்டக்காரரின் காணியில் விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பனிக்குள் காரோட்டிப் போய் அதைப் பார்த்துவிட்டு வருவார்.

நான் அப்போது அவர்கள் வீட்டு பேஸ்மென்றில் ஒரு அறையில் இருந்தேன். ஊரில் ஒன்பது வருடம் குடிநீர்த் திட்டமொன்றில் பம்ப் ஒப்பரேட்டராக இருந்தவன். தண்ணீரை மேலே தாங்கிக்கு ஏற்றுவதும், அமுக்கமானியைப் பார்த்து வால்வுகளைத் திறப்பதும் மூடுவதும்தான் என் வேலை. எஞ்சினியர் இல்லை. எஞ்சினியருக்குக் குடை பிடிக்கிற தகுதிகூட எனக்கு இருக்கவில்லை. ஆனால் குழாய்க்குள் இருக்கிற தண்ணீர் எந்த நேரத்தில் என்ன செய்யும் என்று தெரியும். ரொறன்ரோவில் அந்த அறிவை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பாண் தட்டுகள் கழுவினேன். அதனால் அத்தானின் ட்ரெயிலர் வந்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு மறுபடியும் ஒரு வால்வில் கை வைக்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

முகாம்களில் தண்ணீர் ஒரே மாதிரி வராது. மேட்டில் உள்ள இடங்களில் அழுதழுது வரும். பள்ளத்தில், பம்ப் வீட்டுக்குக் கிட்ட, குழாயைத் திறந்தால் வாளியே புரண்டுவிடும். ஒரே குழாய்கூட காலையில் ஒரு மாதிரி, மத்தியானம் வேறு மாதிரி. காலையில் எல்லாரும் குளிப்பார்கள், கோப்பை கழுவுவார்கள், அமுக்கம் இறங்கும். மத்தியானம் எல்லாரும் ஏரிக்குப் போய்விடுவார்கள், ஒரு குழாயும் திறந்திருக்காது, அமுக்கம் ஏறிக்கொண்டே போகும். எழுபது, எண்பது, சில இடங்களில் தொண்ணூறு. நானே ஒரு அமுக்கமானி வாங்கி ஒவ்வொரு முகாமிலும் பூட்டிப் பார்த்திருக்கிறேன். இதற்காகத்தான் முகாமின் குழாய்க்கும் ட்ரெயிலருக்குப் போகிற வெள்ளை ஹோசுக்கும் நடுவில் ரெகுலேட்டர் என்று ஒரு சின்னப் பித்தளைச் சாமான் பூட்டுவது. அந்தப் பக்கம் எவ்வளவு வந்தாலும் இந்தப் பக்கம் நாற்பதுதான் விடும். பூட்டினால் தண்ணீர் கொஞ்சம் மெல்லிசாக வரும், அது உண்மைதான். அத்தானுக்கு அந்த ஒன்று மட்டும்தான் கண்ணில் பட்டது.

"உதென்னடா தண்ணி, ஆட்டுக்குட்டி மூத்திரம் பெய்யிற மாதிரி?" என்பார்.

"அத்தான், உதைவிடக் கூட விட்டால் உள்ளுக்கை பைப் வெடிக்கும்."

"ஓமோம், தெரியும். பக்கத்து ட்ரெயிலர்க்காரனும் உப்பிடித்தான் குளிக்கிறானோ?"

"ஓம் அத்தான். அவனும் உப்பிடித்தான் குளிக்கிறான்."

நம்பமாட்டார். வெள்ளைக்காரன் தன்னைவிட நல்லாகத்தான் குளிப்பான் என்று அவருக்கு ஒரு நிச்சயம். அக்காவுக்கும் கஷ்டம்தான். இடுப்புவரை தலைமயிர். அந்த நூல் தண்ணீரில் சம்பூ போகாது. அதற்கு நான் ஒரு வழி செய்தேன். காலையிலேயே ஒரு பெரிய வாளியில் தண்ணீர் பிடித்து வெயிலில் வைத்துவிடுவேன். பதினொரு மணிபோல் இளஞ்சூடாகிவிடும். அக்கா அதைத் தூக்கிக்கொண்டு போய் முகாமின் பொதுக் குளியலறையில் ஜொக்கால் அள்ளி அள்ளி முழுகிவிட்டு வருவாள். வாளி வெளியில் நிற்பதைப் பார்த்தால் அத்தானுக்கு உடம்பெல்லாம் கூசும். "உதை ஆரும் பாத்தால் என்ன நினைப்பினம்?" என்று அதை ட்ரெயிலருக்குப் பின்னால் தள்ளி வைப்பார். பின்னால் வெயில் படாது. நான் திரும்ப முன்னால் கொண்டுவந்து வைப்பேன். முதல் கோடை முழுக்க எங்களுக்குள் நடந்த சண்டை இவ்வளவுதான், அதையும் நாங்கள் வாய் திறந்து போடவில்லை.

இரண்டாவது கோடைக்கு முந்திய குளிர்காலத்தில் நான் பின்னேர ஆங்கில வகுப்புக்குப் போனேன். அங்கேதான் அவளைக் கண்டேன். வெக்ஸ்போர்ட்டில் தாய் தகப்பனோடு இருந்தாள். பகலில் ஒரு அலுவலகத்தில் கொம்பியூட்டரில் விபரம் பதிகிற வேலை. வகுப்பு எடுத்த பெண்மணி முதல் நாளே அவளுடைய பெயர் நீளமாக இருக்கிறது என்று பாதியாக வெட்டிக் கூப்பிடத் தொடங்கினார். மூன்றாம் நாள் அவள் எழும்பிப் போய் கரும்பலகையில் தன் முழுப்பெயரையும் எழுதி, அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டி, அந்தப் பெண்மணியை இரண்டு தரம் சொல்லவைத்துவிட்டு வந்து இருந்தாள். கோபமெல்லாம் இல்லை. கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரித்தான் செய்தாள்.

அன்றைக்குப் பஸ் தரிப்பில் நான் அவளிடம், தொழிற்சாலையில் என்னை மூன்று வருடமாக என் தகப்பனின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள், கடதாசியில் எது முன், எது பின் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, நானும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன் என்று பகிடியாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏன் நீங்கள் சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

"சொல்லி என்ன?"

"என்னவோ. உங்கட பேரெல்லோ."

மார்ச் மாதம் வரையில் அந்தப் பஸ் தரிப்பில் குளிருக்குக் கால் உதறிக்கொண்டு நிறையக் கதைத்தோம். ஊரில் என்ன வேலை செய்தேன் என்பதை ஒளிக்காமல் சொன்னேன். பம்ப் வீட்டைப் பற்றி, அமுக்கமானியைப் பற்றி, தண்ணீர் நிற்கிற சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு இறுகிவிட்டது என்று சொல்லக்கூடிய என் பழைய மேலாளைப் பற்றி. அவள் கேள்வி கேட்டுக் கேட்டுக் கேட்பாள். வாழ்க்கையில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒருநாள் துணிந்து விருப்பத்தைச் சொல்லிவிட்டேன். பஸ் வருகிறதா என்று தெருவைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"எனக்கு ஓம்தான். உங்கட வீட்டாலை வந்து அப்பாவோடை கதைக்கச் சொல்லுங்கோ. அவருக்கும் ஓம் எண்டால் முடிஞ்சுது."

அதற்குப் பிறகு பாண் தட்டு கழுவுவதுகூட எனக்குப் பாரமாக இருக்கவில்லை. முப்பத்து நான்கு வயதில், பேஸ்மென்றில் இருக்கிற ஒருவனுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய விஷயம் அது. அதை நான் இழந்துவிடக்கூடாது என்பதைத் தவிர அந்த மாதங்களில் எனக்கு வேறு நினைப்பில்லை.

விஷயம் அக்காவிடம் போய், அக்காவிடமிருந்து அத்தானிடம் போனது. அதோடு அது அத்தானின் விஷயமாகிவிட்டது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முற்றாகும் வரைக்கும் இரண்டு குடும்பமும் வீட்டுக்கு வந்து சந்திக்காது. எங்கேயாவது தற்செயலாகச் சந்தித்த மாதிரிச் சந்திக்கும். சரிவராவிட்டால் ஒருவருக்கும் மானக்கேடு இல்லை, கண்டோம், கதைத்தோம், வந்தோம், அவ்வளவுதான். ஸ்காபரோவில் மற்றவர்கள் இதற்குக் கோயிலையோ பெரிய கடைத்தொகுதியையோ தெரிவு செய்வார்கள். அத்தான் முகாமைத் தெரிவு செய்தார். வீட்டிலிருந்து ஒன்றரை மணித்தியால ஓட்டத்தில் உள்ள ஏரிக்கரைக்கு வெக்ஸ்போர்ட்டிலிருந்து ஒரு குடும்பம் எப்படித் தற்செயலாக வரும் என்று நான் கேட்டேன்.

"பிக்னிக் வருவினம். நீ பேசாமல் இரு. உன்ர பேஸ்மென்ற் ரூமையோ அவைக்குக் காட்டிறது?" என்றார்.

அவருக்கு ட்ரெயிலரைக் காட்டவேண்டும். அதுதான் விஷயம்.

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் முதல் நாளே போய்விட்டோம். எங்களுக்குக் கிடைத்த இடம் பள்ளத்தில், பம்ப் வீட்டுக்கு நேர் கீழே. அமுக்கமானியைப் பூட்டிப் பார்த்தேன், ஞாயிறு காலை எட்டு மணிக்கே அறுபத்தைந்து. ரெகுலேட்டரைப் பூட்டி, ஹோசை இணைத்து, உள்ளே எல்லாக் குழாய்களையும் திறந்து மூடிப் பார்த்தேன். வருகிறவர்கள் கை கால் கழுவ வசதியாக இருக்கட்டும் என்று வாளியில் தண்ணீர் நிரப்பி, மேலே ஜொக்கை வைத்து, படிக்குப் பக்கத்தில் வைத்தேன். அத்தான் அதைக் கண்டதும் தண்ணீரைப் புல்லில் ஊற்றிவிட்டு வாளியைக் கவிழ்த்து வானுக்குள் வைத்துவிட்டார்.

"குழாய் இருக்கேக்கை வாளி என்னத்துக்கு? கிணத்தடியே இது?"

அவர்கள் பதினொன்றரைக்கு வந்தார்கள். தகப்பன், தாய், அவள், மூன்றே பேர். தகப்பன் ஊரில் தபால் அதிபராக இருந்தவர், மெல்லிய குரல், நறுக்கென்று பேசுவார். தாய் கடும் நீலத்தில் ஒரு சேலை கட்டியிருந்தார். அவள் சாதாரணமாக, வகுப்புக்கு வருகிற மாதிரியே வந்திருந்தாள். அத்தான் ஆச்சரியப்பட்டது போல் "அட, நீங்களோ! இஞ்சாலை எங்கை?" என்று கேட்டார். எனக்கு நிலத்துக்குள் போகலாம் போல் இருந்தது. தகப்பனும் விட்டுக்கொடுக்காமல் "சும்மா ஏரி பாக்க வந்தனாங்கள்" என்றார். இரண்டு பேருமே அதை ஒழுங்காகச் செய்து முடித்தார்கள். பிறகு அத்தான் அவர்களுக்கு ட்ரெயிலரின் அடுப்பு, கட்டில், ஒவ்வொரு அலுமாரி என்று எல்லாவற்றையும் திறந்து திறந்து காட்டினார்.

மரத்தடி மேசையில் வந்து இருந்ததும் தகப்பன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி எந்தக் கம்பஸ்?"

எனக்கு விளங்கவில்லை. பல்கலைக்கழக வாசலையே மிதிக்காதவன் நான். அத்தான் முந்திக்கொண்டார். "அவர் அதெல்லாம் கதைக்க மாட்டார் ஐயா. எஞ்சினியராய் இருந்தனான் எண்டு இஞ்சை வந்து ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை. அடக்கம் கூட."

அப்போதுதான் ரெலிபோனில் என்ன சொல்லி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் பம்ப் ஒப்பரேட்டர் என்று அவளுக்குத் தெரியும். "இல்லை அங்கிள், நான் எஞ்சினியர் இல்லை" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அக்கா எனக்கு எதிரில் தர்ப்பூசணி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள். நான் சிரித்து வைத்தேன்.

பிறகு தாய் கால் எல்லாம் மணல் என்று கழுவிக்கொள்ள ட்ரெயிலருக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது.

"பிள்ளை, தண்ணி வருகுதில்லை போலை."

"வரும் அன்ரி, கொஞ்சம் மெல்லமாத்தான் வரும்" என்றாள் அக்கா.

அத்தானின் முகம் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்த மனிசருக்குக் கால் கழுவத் தண்ணீர் இல்லை என்று சொல்லவைப்பது எங்கள் ஊரில் செருப்பால் அடிபடுவது மாதிரித்தான். எனக்கும் அது விளங்காமல் இல்லை. அதற்காகத்தான் வாளியை வைத்தேன். அத்தான் என் பக்கம் திரும்பி, முகாம் கடைக்குப் போய் ஐஸ் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். எழும்பிப் போனேன்.

போய்வரப் பத்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது மேசையில் தர்ப்பூசணித் தோல்களுக்குப் பக்கத்தில் ரெகுலேட்டர் கிடந்தது. ஹோஸ் நேரே குழாயில் பூட்டியிருந்தது, தடி மாதிரி விறைத்துப்போய். தாயும் தகப்பனும் மேசையில் இருந்தார்கள். அக்கா தட்டில் வடை அடுக்கிக்கொண்டிருந்தாள், என்னைக் கண்டதும் குனிந்துகொண்டாள். அவர்களுடைய மகள் உள்ளே சிங்கில் தேத்தண்ணிக் கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. ஐஸ் பையை வைத்துவிட்டு நேரே குழாயடிக்குப் போய் அதை மூடக் கை வைத்தேன். அத்தான் பின்னாலேயே வந்துவிட்டார்.

"விடு."

"அத்தான், இப்ப எல்லாரும் ஏரியிலை நிக்கினம். தொண்ணூறு நிக்கும் இதுக்குள்ளை. வெடிக்கும்."

"மெல்லமாக் கதை. இவ்வளவு நேரமும் வெடிச்சதே? அந்த மனிசி கால் கழுவ வழியில்லாமல் நிண்டது. இப்ப பார், என்ன மாதிரித் தண்ணி வருகுதெண்டு. எதைக் கழட்டலாம் எண்டு எனக்குத் தெரியும். நீ போய் அவரோடை இருந்து கதை."

"ஒரு நிமிசம் மூடிப்போட்டு..."

"கையை எடடா எண்டுறன்."

எடுத்தேன். ஒன்பது வருடம் அமுக்கமானியைப் பார்த்துச் சோறு தின்றவன், கையை எடுத்துவிட்டுப் போய் மேசையில் இருந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

தகப்பன் கனடாவின் தபால் முறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் இருக்காது, உள்ளே டப்பென்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து தகரத்தில் மழை அடிக்கிற சத்தம். சிங்குக்குக் கீழே குழாய் வளைகிற இடத்தில் மூட்டு பறந்துவிட்டது. நான் ஓடிப்போய்க் குழாயை மூடுவதற்குள் தண்ணீர் கதவுப் படியால் வழிந்து வெளியே வந்துவிட்டது. செற்றி, விரிப்பு, தாயின் கைப்பை, அவர்கள் கொண்டுவந்த கேக் பெட்டி எல்லாம் உள்ளே நனைந்து கிடந்தன. அவள் இடுப்புக்குக் கீழே முழுக்க ஈரமாக, கையில் ஒரு கோப்பையோடு படியில் இறங்கினாள்.

அத்தான் மேசைக்கும் குழாய்க்கும் நடுவில் நின்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினார்.

"எத்தினை தரம் சொன்னனான் உனக்கு, ரெகுலேட்டரைப் பூட்டு, ரெகுலேட்டரைப் பூட்டு எண்டு! ஒரு பைப் பூட்டத் தெரியாது, எஞ்சினியராம்!"

நான் சொல்லிச் சொல்லி அலுத்த வார்த்தைகளையே அவர் எடுத்து எனக்கு எறிந்தார். தானே கட்டிவிட்ட பட்டத்தையும் தானே பிடுங்கினார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கழற்றும்போது அவள் பக்கத்தில்தான் நின்றிருக்கவேண்டும். கூடப்பிறந்தவள், ஒரு சொல் சொல்லுவாள் என்று பார்த்தேன். அவள் வடைத் தட்டைப் பிடித்தபடி புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது படியில் இறங்கியவள் ஈர உடுப்போடு எனக்குக் கிட்ட வந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"உதை ஆர் கழட்டினது?"

"நான்தான்" என்றேன். "பூட்ட மறந்திட்டன்."

"கழட்டினதோ, மறந்ததோ?"

"மறந்தது."

கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தாயிடம் போனாள். அரை மணித்தியாலத்தில் அவர்கள் போய்விட்டார்கள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அத்தானைப் பொய்யன் என்று பெண் வீட்டார் முன்னால் சொன்னால் அந்தக் கோபத்தை அவர் அக்காவில்தான் காட்டுவார் என்று நினைத்தேன். பெரியவரை எதிர்த்துக் கதைக்கிற பையனுக்கு எந்தத் தகப்பன் பெண் கொடுப்பார் என்றும் நினைத்தேன். பழியை நான் சுமந்தால் என் அடக்கம் அவர்களுக்குத் தெரியும் என்றுகூட நினைத்தேன், வெட்கக்கேடு. எல்லாவற்றுக்கும் கீழே பயம் இருந்தது. அவர் வீட்டில் சாப்பிடுகிறேன் என்ற பயம்.

அந்தக் கிழமை அவர்களிடமிருந்து ரெலிபோன் வந்தது. அக்காதான் எடுத்தாள். சாதகம் பொருந்தவில்லையாம் என்று என்னிடம் சொன்னாள். அத்தான் சாப்பிட்டுக்கொண்டே, "ட்ரெயிலரை நனைச்சவனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?" என்றார். அடுத்த மாதம் நான் வேறு இடத்தில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வகுப்பும் அதோடு முடிந்திருந்தது. அவளைத் தேடிப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அத்தானோடு ஒரு சொல் பேசவில்லை. அவரோ கொண்டாட்டங்களில் என்னைக் கண்டால், என் காதில் விழத்தக்கதாக, "எங்கட எஞ்சினியர் ட்ரெயிலருக்குள்ளை குளம் கட்டின கதை தெரியுமோ?" என்று தொடங்குவார். சபை சிரிக்கும். பாண் தட்டு கழுவும்போது நான் அவரோடு மனதுக்குள் வழக்காடுவேன். அன்றைக்குச் சொல்லாத எல்லாவற்றையும் விதம்விதமாகச் சொல்லி, அவரை மண்டியிடவைத்து, பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவேன். என் வாழ்க்கையைக் கெடுத்தவர் என்று ஒருவர் இருப்பது, யோசித்துப் பார்த்தால், ஒரு வசதிதான்.

அக்கா மாதத்தில் ஒருநாள் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து பார்ப்பாள். அப்படி வந்த ஒருநாள் சொன்னாள், அந்த வெக்ஸ்போர்ட் பெண்ணுக்குக் கலியாணம் முற்றாகிவிட்டதாம். எனக்கு அடக்க முடியவில்லை.

"உன்ர மனிசன்தான் காரணம்" என்றேன். "அந்தாள் செய்த வேலைக்கு நான் பழி சுமந்தன். நீயும் பாத்துக்கொண்டு நிண்டனீ. அவை என்னை ஒண்டுக்கும் உதவாதவன் எண்டு நினைச்சுத்தான் விட்டவை."

அக்கா சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"அவை அப்பிடி நினைக்கேல்லை. அவைக்கு எல்லாம் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவள் சிங்கிலை நிண்டவள். யன்னல் திறந்துதானே கிடந்தது. அவர் கழட்டினதையும் கண்டவள், நீங்கள் ரெண்டு பேரும் குழாயடியிலை கதைச்சது முழுக்கவும் கேட்டவள். வீட்டை போய்த் தேப்பனுக்குச் சொன்னவளாம். தேப்பனுக்கு உன்னிலை நல்ல விருப்பம். பெரியாக்களை மதிக்கிற பொடியன், குடும்பத்துக்காகப் பழி ஏற்கிறான், இப்பிடி ஒருத்தன் கிடைக்கமாட்டான் எண்டவராம். தாயும் ஓம் எண்டவ. அவள்தான் மாட்டன் எண்டு நிண்டவள்."

"ஏன்?"

"எனக்கு ரெலிபோன் எடுத்தது தாயில்லை. அவள்தான். சொன்னாள், 'நான் வெடிக்கப்போற இடத்திலை நிக்கிறன் எண்டு அவருக்குத் தெரியும் அக்கா. கை வைச்சவர், எடுத்திட்டார்' எண்டு. பிறகும் தான் வந்து உன்னட்டைக் கேட்டதாம், உண்மையைச் சொல்ல இன்னொரு இடம் தந்து. அதுக்கும் நீ பொய் சொன்னனியாம். அதுக்குப் பிறகு கேக்க ஒண்டுமில்லை எண்டாள்."

உள்ளே சிங்கில் அவள் நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியும்தான். கோப்பைச் சத்தம் கேட்டது என்று நானே எழுதியிருக்கிறேனே. குழாயில் கை வைத்தபோது ட்ரெயிலரைப் பற்றி நினைத்தேன், அத்தானைப் பற்றி நினைத்தேன், தகப்பன் பார்க்கிறாரா என்று நினைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய கால்கள் இருக்கின்றன என்று மட்டும் நினைக்கவில்லை. இரண்டு வருடமாக வழக்காடியதிலும் அது ஒருதரம்கூட வரவில்லை.

"இதை ஏன் எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

அக்கா எழும்பிக் கோட்டைப் போட்டாள்.

"நீ அவரைத் திட்டிக்கொண்டு திரிஞ்சாய். உன்னை நீயே திட்டிறதைவிட அது பரவாயில்லை எண்டு விட்டிட்டன்" என்றாள்.

அவளுக்குப் பஸ் இருந்தது. வாசல் வரைக்கும் கூடப் போனேன். திரும்பி வந்து பெட்டியைத் திறந்து சாப்பிட இருந்தேன். வழக்கம்போல அத்தானோடு சண்டையைத் தொடங்கிப் பார்த்தேன், வாய்க்குள் ஒரு சொல்லும் வரவில்லை.